அந்தி சாய்ந்ததும் இரண்டாகும் உயிர்கள்

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு நடுக்கடலைப் பற்றி எழுத உனக்கென்ன உரிமை என்று யாராவது கேட்கலாம். கே.ஆர்.பி. அணையில் திறந்துவிடும் தண்ணீர் தென்பெண்ணையோடு ஓடி, சாத்தனூரைத் தாண்டி, கடலூர் பக்கம் வங்காள விரிகுடாவில் சேருகிறது. அந்த உறவு போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது ஆறு கலக்கிற, வண்டல் படிகிற, மீன்பிடிப் படகுகள் சுற்றுகிற கடல் இல்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் கரை தெரியாத கடல். சத்து என்று சொல்லிக்கொள்ள அதிகம் எதுவும் கரைந்திருக்காத, அதனாலேயே அவ்வளவு தெளிவாகவும் அவ்வளவு நீலமாகவும் இருக்கிற தண்ணீர். வெறும் கண்ணுக்கு அதில் உயிரே கிடையாது.

அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு மில்லி எடுத்தால், அதில் ஒரு லட்சம் வரை ஒரே வகை பாக்டீரியா இருக்கக்கூடும். பெயர் புரோக்ளோரோகாக்கஸ். பச்சையம் வைத்திருக்கிறது, வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறது. ஒளிச்சேர்க்கை செய்கிற உயிர்களில் நமக்குத் தெரிந்தவரை இதைவிடச் சிறியது இல்லை. குறுக்களவு அரை மைக்ரானுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன், எனக்கு எதையும் சிவப்பணுவை வைத்து அளந்துதான் பழக்கம். ஒரு சிவப்பணுவின் குறுக்கே இவற்றில் பத்தையாவது வரிசையாக நிற்க வைக்கலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 40 பாகை, தெற்கே 40 பாகை வரை உள்ள வெதுவெதுப்பான கடல் முழுக்க இது பரவியிருக்கிறது. மொத்தம் எத்தனை இருக்கும் என்று போட்ட கணக்கு, 3 எழுதி அதன் பின்னால் 27 சுழியம்.

இத்தனை பெரிய கூட்டம் நேரம் பார்த்து வாழ்கிறது. எனக்கு வியப்பாக இருப்பது எண்ணிக்கையைவிட அதுதான்.

பாக்டீரியா என்றால் என் மாதிரி ஆட்களுக்கு வேறு ஒரு படம் மனதில் வரும். சிறுநீரில் கிருமி உண்டா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குத் தட்டில் இழுத்துவிட்டு, சாயங்காலம் இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா புள்ளிபுள்ளியாக நிற்கும். சாப்பாடும் சூடும் சரியாகக் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அது இரண்டாகும். தன் டி.என்.ஏ.வுக்கு ஒரு பிரதி எடுத்து முடிப்பதற்குள் அடுத்த பிரதியைத் தொடங்கிவிடும் அளவுக்கு அவசரம். அதற்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. கிடைக்கிறவரை தின்பது, தின்கிறவரை பெருகுவது. பாக்டீரியா எல்லாமே இப்படித்தான் என்று ரொம்ப நாள் எண்ணியிருந்தோம். பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் அந்த வளர்ச்சிக் கோடும் குடுவைக்குள் வளர்ந்த பாக்டீரியாவின் கோடுதான். நடுக்கடல் குடுவை இல்லை.

புரோக்ளோரோகாக்கஸைக் கண்டுபிடித்த கதையை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் ரசித்தே கேட்பார்கள். 1980களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சாலி சிஸமும் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் ராபர்ட் ஓல்சனும் ஃப்ளோ சைட்டோமீட்டரைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அது மருத்துவ ஆய்வகத்தில் ரத்த அணுக்களையும் புற்றுநோய் செல்களையும் பிரித்துப் பார்க்கப் பயன்படும் கருவி. செல்களை ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தின் முன்னால் ஓடவிட்டு, சிதறும் ஒளியையும் ஒளிரும் நிறத்தையும் அளக்கும். திரையின் அடிமூலையில் மங்கலான சிவப்பில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் விழுந்தன. கருவியின் இரைச்சல் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த மூலையில் விழுவதை நாங்களும் தூசி, உடைந்த செல், மின்சாரக் கோளாறு என்று ஒதுக்குகிறவர்கள்தான். ஆனால் ஆழம் மாறினால் அந்தப் புள்ளிகளின் ஒளியும் மாறியது. கருவியின் இரைச்சலுக்கு ஆழம் தெரியாது. 1988இல் கட்டுரை வந்தது. உலகத்திலேயே அதிகம் இருக்கிற ஒளிச்சேர்க்கை உயிர் இன்னதென்று அதுவரை நமக்குத் தெரியவே இல்லை.

கண்டுபிடித்தாயிற்று. அடுத்த கேள்வி, இது எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? கேட்பது சுலபம், அளப்பது கஷ்டம். கடல்நீரை பாட்டிலில் பிடித்து வைத்தால் அதன் உலகமே மாறிவிடும். சும்மா எண்ணிப் பார்க்கலாம் என்றால், இன்றைக்கும் லட்சம், நாளைக்கும் லட்சம். எண்ணிக்கை அசைவதே இல்லை.

பிரான்சில் ரோஸ்காஃப் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டானியேல் வோலோவும் கூட இருந்தவர்களும் இதற்கு ஒரு வழி பிடித்தார்கள். எத்தனை செல் என்று எண்ணுவதோடு நிற்காமல், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்று பார்த்தார்கள். டி.என்.ஏ.வோடு ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கலந்து அதே ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓடவிட்டால், ஒற்றைப் பிரதி உள்ள செல் ஓரிடத்தில் விழும், இரட்டைப் பிரதி உள்ளது இரு மடங்கு ஒளியோடு வேறிடத்தில் விழும், நகலெடுத்துக்கொண்டிருப்பது நடுவில் நிற்கும். நடுப் பசிபிக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில், இரவு பகலாகத் தண்ணீர் எடுத்து அவர்கள் பார்த்தது 1995இல் வெளியானது. காலையில் ஏறக்குறைய எல்லா செல்லும் ஒற்றைப் பிரதியோடு இருக்கிறது. பிற்பகலில் நகலெடுப்பு தொடங்குகிறது. இரவில் பிளக்கிறது. மறுநாளும் இதே வரிசை. சுமார் 30 மீட்டர் ஆழத்தில் வேகம் அதிகம், கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு முறை இரண்டாகிறது. அதற்கு மேலேயும் வேகம் குறைவு, கீழேயும் குறைவு. அப்படி வறண்ட கடலில் இந்தப் பூச்சி பட்டினியில் தவிக்கிறது என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது தன்னால் முடிந்த உச்ச வேகத்தை ஒட்டியே பெருகுகிறது என்று தெரிந்தது பெரிய செய்தி.

ஏன் பிற்பகல்? இரண்டு காரணம் சொல்லலாம். முதலாவது வரவு செலவு. விடிந்ததிலிருந்து வெயிலைப் பிடித்து மாவுப்பொருள் சேர்த்து செல் பருக்கிறது. நகலெடுக்கவும் பிளக்கவும் செலவழிக்க அப்புறம்தான் கையிருப்பு இருக்கும். இரண்டாவது, புற ஊதாக் கதிர். நகலெடுக்கும்போது டி.என்.ஏ. முறுக்கவிழ்ந்து திறந்து கிடக்கிறது. உச்சி வெயிலில் மேல்மட்டத் தண்ணீரில் அப்படித் திறந்து கிடப்பது நல்லதில்லை. ஆய்வகத்தில் வளர்த்த புரோக்ளோரோகாக்கஸுக்கு வெளிச்சத்தோடு புற ஊதாவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது நகலெடுப்பை அந்திக்குத் தள்ளிப்போடுகிறது. எங்கள் ஊரில் வைகாசி வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் எப்போது ஒதுங்குவது என்று முடிவு செய்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல மாட்டேன். இது திட்டம் இல்லை; தப்பான நேரத்தில் நகலெடுத்தவை பல தலைமுறைகளாகக் கழிந்துபோய், மிஞ்சியவற்றின் பழக்கம்.

இங்கே நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது கடிகார விஷயம். நன்னீரில் வாழும் சைனெக்கோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியாவுக்குள் உண்மையிலேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. கைஏ, கைபி, கைசி என்று மூன்று புரதங்கள் மட்டும்தான். கைசியின்மேல் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு சுற்று வர ஏறத்தாழ 24 மணி நேரம். 2005இல் ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாவோ கொண்டோவின் குழு இந்த மூன்று புரதங்களையும் ஆற்றலுக்கு ஏ.டி.பி.யையும் ஒரு சோதனைக்குழாயில் கலந்து வைத்தது. செல் இல்லை, மரபணு இல்லை, வெளிச்சம் இல்லை. குழாய்க்குள் இருந்த புரதக் கலவை நாள் கணக்கைத் தானே போட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது மறுபடியும் ஒரு முறை முதல் வரியிலிருந்து படித்தேன். கடிகாரம் என்றால் உயிரின் சிக்கலான ஏற்பாடு, மூளை இருந்தால்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தக் குழாய் ஒரு நல்ல பதில்.

புரோக்ளோரோகாக்கஸிடம் இந்த மூன்றில் ஒன்று இல்லை. கைஏ தொலைந்துவிட்டது. அதனால் அது தானாக ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம் இல்லை. தினமும் விடியல் வந்து அதைத் திருப்பி வைக்க வேண்டும். ஆய்வகத்தில் விளக்கை அணைக்காமலே வைத்திருந்தால் அதன் தாளம் சீக்கிரமே கலைந்துவிடும். சைனெக்கோகாக்கஸோ பல நாளுக்குத் தாளம் தவறாமல் போகும். குறைபாடு போலத் தெரிகிறது, இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பாக்டீரியாவின் மரபுத்தொகுதியே, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ.வே, சிக்கனத்தின் உச்சம், சில வகைகளில் சுமார் 17 லட்சம் எழுத்துதான். நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைக்காத இடத்தில் ஒவ்வொரு மரபணுவும் செலவு. வெப்பமண்டலக் கடலில் சூரியன் என்றைக்காவது வராமல் இருந்திருக்கிறதா? தவறாமல் வருகிற ஒன்றைக் கணிக்க எதற்குத் தனிக் கடிகாரம்? வேண்டாத சாமானை வீட்டை விட்டு வெளியே போட்டுவிட்டது.

இதுவரை சொன்னது வெயிலைத் தின்கிறவற்றின் கதை. சூரியனை நேரடியாக நம்பியிருப்பவை சூரியனின் நேரத்தில் நடப்பதில் அதிசயம் குறைவு. பெரிய அதிசயம் மற்றவற்றில் இருக்கிறது. கடலில் பெரும்பாலான பாக்டீரியா ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. மற்றவை கசியவிட்டதையும் செத்துக் கரைந்ததையும் தின்று வாழ்கின்றன. அவற்றில் எஸ்.ஏ.ஆர்.11 என்ற கூட்டம் மிகப் பெரியது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஜியோவனோனியின் குழு 1990இல் அட்லாண்டிக்கில் இருக்கும் சர்காசோ கடல்நீரில் இதன் மரபணுத் தடயத்தைக் கண்டது. ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை பிடித்தது. கல்ச்சர் தட்டில் வளராததை இல்லை என்றே எழுதிவிடுகிற ஒரு தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். தட்டில் வளர்வது உலகத்தில் ஒரு சின்னப் பகுதிதான்.

ஹவாயில் ஓவாஹு தீவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்டேஷன் அலோஹா என்று பெயர் வைத்த ஓர் இடம் இருக்கிறது. கட்டடம் ஒன்றும் கிடையாது, வரைபடத்தில் ஒரு வட்டம். 1988 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய மாதந்தோறும் கப்பல் அங்கே போய் அளவெடுத்து வருகிறது. கடல் நுண்ணுயிர் ஆய்வாளர் எட்வர்ட் டிலாங்கின் குழு அந்தப் பக்கத்துக் கடலில் ஒரு தானியங்கி மாதிரி எடுப்பானை மிதக்கவிட்டது. நீரோட்டம் போகிற போக்கில் அதுவும் போகும், ஆக எடுக்கிற ஒவ்வொரு மாதிரியும் கிட்டத்தட்ட அதே தண்ணீரிலிருந்து வரும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை அது தண்ணீரை வடிகட்டி, உள்ளே இருக்கும் பாக்டீரியாவை அந்தக் கணத்திலேயே பதப்படுத்தி வைத்தது. எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று பார்த்தபோது, வெயிலைத் தின்னாத எஸ்.ஏ.ஆர்.11 உள்ளிட்டவையும் நாள் தாளத்தில் இயங்குவது தெரிந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் இல்லை. ஒரு இனத்துக்கு ஒரு நேரம், அடுத்ததற்குச் சற்றுத் தள்ளி. அலையாக வரிசை பிடித்து நடக்கிறது. 2014இல் வந்த முடிவு இது. ஒளிச்சேர்க்கை செய்பவை பகலில் சேர்த்துக் கசியவிடும் சாப்பாட்டின் நேரத்தை மற்றவை பின்தொடர்கின்றன என்பது இயல்பான விளக்கம். வெளிச்சத்தை வேறு வழியில் பயன்படுத்தும் புரதங்களும் இவற்றில் சிலவற்றிடம் உண்டு, அந்த வழியாகவும் சூரியன் எட்டிப் பார்க்கலாம்.

தட்டில் வளராத இந்தக் கூட்டம் எந்த நேரத்தில் நகலெடுக்கிறது என்பதை டி.என்.ஏ. துண்டுகளை வைத்தே கண்டுபிடிக்கும் ஒரு தந்திரம் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் குடல் பாக்டீரியாவுக்காக 2015இல் வெளியிட்டார்கள். பாக்டீரியாவின் மரபுத்தொகுதி பெரும்பாலும் ஒரு வட்டம். நகலெடுப்பு ஒரே இடத்தில் தொடங்கி, இரு பக்கமும் ஓடி, எதிர்ப்புறத்தில் முடிகிறது. ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். யாரோ எல்லா நோட்டையும் கிழித்துத் தாளாகக் குவித்துவிட்டார்கள். குவியலில் முதல் பக்கம் நிறைய, கடைசிப் பக்கம் கொஞ்சம் என்றால், எழுத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சமம் என்றால் யாரும் எழுதவில்லை. கடல்நீரில் இருக்கும் அத்தனை டி.என்.ஏ.வையும் துண்டுதுண்டாகப் படித்து, ஒவ்வொரு இனத்துக்கும் தொடக்கப் பகுதியும் முடிவுப் பகுதியும் என்ன விகிதம் என்று பார்த்தால், அந்த நேரத்தில் அந்த இனம் நகலெடுக்கிறதா என்று சொல்லிவிடலாம். மணிக்கணக்கில் தொடர்ந்து எடுத்த மாதிரிகளில் இதைச் செய்தால் தாளம் எழுந்து வரும்.

கேட்க அழகாக இருக்கும் இந்த முறையை நான் பாதிதான் நம்புகிறேன். பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து 2021இல் வந்த ஆய்வில், கடல் பாக்டீரியாக் கூட்டத்தில் இந்த விகிதம் நேரடியாக அளந்த வளர்ச்சி வேகத்தோடு சரியாக ஒத்துப்போகவில்லை. மெதுவாக வளர்கிறவற்றில் வித்தியாசம் மெல்லியது; கலவையான கூட்டத்தில் நெருங்கிய உறவினங்களின் துண்டுகள் குழம்பும். என் கருத்து, ஒரே இனத்தைக் காலையிலும் மாலையிலும் ஒப்பிட இது சரி; ஒரு இனத்தின் வேகத்தை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம். எங்கள் கூடத்திலும் அப்படிச் சில பரிசோதனைகள் உண்டு. அதே நோயாளிக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் பார்த்தால் அர்த்தம் இருக்கும், ஒரே ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, நாளுக்கு ஒரு முறை இரண்டாகிறது. அப்படியானால் ஒரு வாரத்தில் 128 மடங்கு ஆக வேண்டும். ஒரு மாதத்தில் கடல் பச்சைக் கூழாகிவிட வேண்டும். ஆகவில்லை. லட்சம் லட்சமாகவே இருக்கிறது. பிறந்த கணக்கோடு செத்த கணக்கும் சரிக்குச் சரியாக ஓடுகிறது என்றுதான் அர்த்தம். யார் தின்கிறார்கள், எப்போது தின்கிறார்கள்?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ்வா ரிபாலேயும் ஜிஞ்சர் ஆர்ம்பிரஸ்டும் வேறு சிலரும் சேர்ந்து, கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடல்நீரைத் தொடர்ந்து உறிஞ்சி அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரை வைத்து இதைப் பிடித்தார்கள். 2015இல் வந்த அந்தக் கட்டுரைதான் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது. பசிபிக்கின் வெதுவெதுப்பான பகுதியில் புதிய செல்கள் உருவாகும் வேகம் உச்சத்தைத் தொட்டு ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்துச் சாவின் வேகம் உச்சத்தைத் தொடுகிறது. பகல் வெளிச்சத்தில் சாவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அந்தியில் இரண்டானவற்றில் பெரும்பகுதி அதே இரவில் தீர்ந்துவிடுகிறது. பொழுது விடியும்போது பழைய எண்ணிக்கை. தின்பவை, நகர்ந்து திரியும் ஒருசெல் உயிரிகள். வைரஸ்களும் பங்கு எடுத்துக்கொள்கின்றன. அந்த வைரஸ்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. புரோக்ளோரோகாக்கஸைத் தாக்கும் சில வைரஸ்கள் ஒளிச்சேர்க்கை மரபணுவையும் தங்களோடு சுமந்துகொண்டு வருகின்றன. தாக்கிய செல் வெயிலைப் பிடிப்பதை நிறுத்திவிட்டால் வைரஸுக்கே நஷ்டம், அதற்கு மாற்று ஏற்பாடு.

ஆக மாதா மாதம் கப்பல் போய்ப் பார்த்து 'மாற்றமில்லை' என்று எழுதிக்கொண்டு வருகிற இடம், உண்மையில் ஒவ்வொரு நாளும் தன் குடிகளில் பெரும்பகுதியைப் பெற்று, ஒவ்வொரு இரவும் அவ்வளவையும் இழக்கிற இடம். மாறாத எண் ஒன்றைப் பார்த்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இந்தக் கடல் சொல்வது அதற்கு நேர் எதிர். மதியம் மட்டும் மாதிரி எடுக்கிற ஆய்வு இதைப் பார்க்கவே முடியாது; பகலில் எடுக்கும் மாதிரியில் சாவே இருக்காது.

ஒரே தண்ணீர் பகலில் ஒன்று, இரவில் வேறு என்பதைக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் என் மச்சானுக்கு விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாந்தோப்புக்கு வெட்டிய குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறார். சாணம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்கி வளர்க்கிற முறை. மேகமூட்டமாக இருந்த ஒரு வாரத்தில் போன் செய்து, "ஏன் மச்சான், பகல்ல நல்லாத்தானே திரியுது, விடிகாலையில மட்டும் அத்தனையும் மேல வந்து வாயைத் தொறக்குது, என்னா நோவுன்னு டெஸ்ட் பண்ணிச் சொல்றியா?" என்று கேட்டார். நோய் இல்லை, மூச்சு. பகலில் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியே விடும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் உச்சம். இருட்டியதும் உற்பத்தி நிற்கும், ஆனால் மூச்சு நிற்காது. பாசியும் பாக்டீரியாவும் சாணத்தைத் தின்னும் கிருமிகளும் மீனும் இரவு முழுக்க அதே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் அடிமட்டம். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் திணறும். முந்தின பகல் மேகமாக இருந்தால் தொடக்கக் கையிருப்பே குறைவு. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ராத்திரி ஓட்டு, சாணம் போடுவதைக் கொஞ்சம் நிறுத்து என்றேன். கரண்ட் இருந்தால் ஓட்டுகிறேன் என்றார்.

குட்டையில் மீன் வாயைத் திறக்கும் அளவுக்கு நடக்கிற இந்த ஏற்ற இறக்கம், நடுக்கடலிலும் தினமும் நடக்கிறது. அளவுதான் மிக மிகச் சிறியது. தண்ணீருக்குள் தானே மிதந்து இறங்கி ஏறும் கிளைடர் கருவிகளில் வைத்த ஆக்சிஜன் உணரிகள் அதைப் பிடிக்கின்றன. பகலில் ஏறிய கோடு இரவில் இறங்குகிறது. பகல் சரிவையும் இரவு சரிவையும் வைத்தே அந்தக் கடல் ஒரு நாளில் எவ்வளவு விளைவித்தது, எவ்வளவு தின்றது என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதனால்தான் அடிக்கடி பகிரப்படும் ஒரு வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. நாம் இழுக்கும் ஐந்து மூச்சில் ஒன்று புரோக்ளோரோகாக்கஸ் கொடுத்தது என்பார்கள். இரண்டில் ஒன்று கடல் கொடுத்தது என்பார்கள். உலகத்தில் நடக்கும் மொத்த ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது, அது சரி. ஆனால் அங்கே பகலில் உண்டான ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதியை அங்கேயே இருக்கும் உயிர்கள் மூச்சாக இழுத்து முடித்துவிடுகின்றன. காடும் அப்படித்தான். நம் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் பல கோடி ஆண்டுகளில், மட்காமல் வண்டலில் புதைந்துபோன கரிமப்பொருளுக்கு ஈடாகக் காற்றில் மிஞ்சிச் சேர்ந்தது. கடல் பாக்டீரியாவை மதிக்க நம் மூச்சுக் கணக்கை இதற்குள் கொண்டுவரத் தேவையில்லை. காற்றிலிருந்து கரைந்த கார்பனைப் பிடித்து, நடுக்கடல் உணவு வலையின் அடித்தட்டாக நிற்கிறது என்பதே போதுமான காரணம்.

இரவு வேலைக்கு இன்னொரு உதாரணத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குரோக்கோஸ்பேரா என்று ஒரு கடல் பாக்டீரியா பகலில் ஒளிச்சேர்க்கை செய்கிறது, இரவில் காற்று நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறது. நைட்ரஜன் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே செல்லில் வைத்திருக்க முடியாது. இரண்டு வேலைக்கும் இரும்பு வேண்டும், நடுக்கடலில் இரும்போ அரிது. ஆகவே பகல் புரதங்களில் இருந்த இரும்பைச் சாயங்காலம் கழற்றி இரவுப் புரதங்களில் மாட்டுகிறது, காலையில் திரும்ப மாற்றுகிறது. பூமி சுழல்கிறது என்பதையே சிக்கனத்துக்கு வழியாக்கிக்கொண்ட செல் இது.

இந்தத் தாளத்தை வெப்பம் என்ன செய்யும் என்பது இப்போது ஓடுகிற கேள்வி. கப்பலில் தொடர்ந்து அளக்கும் அதே கருவியோடு பத்தாண்டுக்கும் மேலாகப் பல கடல்களில் சுற்றிச் சேர்த்த அளவுகளை வைத்து ரிபாலேயின் குழு 2025இல் ஒரு முடிவை வெளியிட்டது. தண்ணீர் சூடாகச் சூடாகப் புரோக்ளோரோகாக்கஸ் பிளக்கும் வேகம் கூடுகிறது, ஆனால் 28 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு மேல் போனால் வேகம் செங்குத்தாக இறங்குகிறது. வெப்பமண்டலத்தில் வாழப் பிறந்தது, எவ்வளவு சூடானாலும் அதற்குக் கொண்டாட்டம்தான் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். சிக்கனத்துக்காக மரபணுக்களை ஒவ்வொன்றாக வெளியே போட்டபோது, வெப்ப நெருக்கடியைச் சமாளிக்கும் கருவிகளில் சிலவும் சேர்ந்து போயிருக்கலாம் என்று அவர்கள் சந்தேகிக்கிறார்கள். கடிகாரத்தை வெளியே போட்டதை நான் மேலே மெச்சினேன். இந்தச் சாமான்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

28 டிகிரி என்பது நமக்குத் தூரத்து எண் இல்லை. வங்காள விரிகுடாவின் மேல்மட்டம் ஆண்டின் பெரும்பகுதி அந்த எண்ணைச் சுற்றியே இருக்கிறது. சித்திரை வைகாசியில் 30ஐத் தொடுகிறது. பசிபிக்கில் ஒரு வட்டத்துக்குள் முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் போய் எடுத்தது போன்ற அளவுகள் நம் விரிகுடாவின் நடுவிலும் வேண்டும். போகிற கப்பல் மதியம் ஒரு வாளி மொண்டுகொண்டு திரும்பினால் பயனில்லை. நகலெடுக்கும் பிற்பகல், பிளக்கும் அந்தி, தீர்ந்துபோகும் நள்ளிரவு, மீண்டும் எண்ணிக்கை பழைய இடத்துக்கு வரும் விடியல், அத்தனைக்கும் ஒருத்தர் விழித்திருந்து மாதிரி எடுக்க வேண்டும்.